நாலு ஓட்டையும் பொருந்துகிறது, வீல் பொருந்துமா?

அரைகிளட்ச் எழுதியது:

வணக்கம். என் சின்ன காரில் இருப்பவை தொழிற்சாலையிலேயே போட்டு வந்த 15 இஞ்ச் இரும்பு வீல்கள். டயர் 185/65 ஆர்15. ஒரு வீல் பள்ளத்தில் இறங்கி விளிம்பு நெளிந்துவிட்டது. தட்டி நிமிர்த்தியும் நாலு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. டயர்களும் தேய்ந்துபோயின. சரி, இதுதான் சமயம், நாலையும் மாற்றி அலாய் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

நண்பரின் நண்பரிடம் 16 இஞ்ச் அலாய் செட் ஒன்று இருக்கிறது. பழைய காரை விற்கும்போது கழற்றி வைத்ததாம். "நாலு ஓட்டை, நூறு பிசிடி, உன் காரும் அதேதான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டு" என்கிறார். பிசிடி என்றால் நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டமாம். கண்ணை மூட மனமில்லாமல் என் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நாலு ஓட்டையும் நேருக்கு நேர் வந்தன.

வாங்கிவிடலாமா? வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நட்டுபோல்ட்டு எழுதியது:

அவசரம் வேண்டாம் தம்பி. ஓட்டை நேராக வந்தால் வீல் ஹப்பில், அதாவது காரில் வீலைத் தாங்கும் வட்டில் ஏறும், அவ்வளவுதான். ஏறிய வீல் ஆடாமல் சுற்ற வேண்டும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் எதிலும் முட்டக் கூடாது, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது ஃபெண்டரில், அதாவது சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகட்டில் உரசக் கூடாது. இதில் எதையும் ஓட்டை சொல்லாது.

அந்த வீலைக் கவிழ்த்துப் போட்டு ஸ்போக்கின் முதுகைப் பாருங்கள். எழுத்து வார்த்திருக்கும். பிரேக் தூசி அப்பிக் கறுத்திருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அதில் உள்ள எண்களை ஒன்று விடாமல் இங்கே போடுங்கள், உங்கள் பழைய வீலில் இருப்பதையும். நடு ஓட்டையின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள். டேப் வேண்டாம், வெர்னியரால் அளங்கள். அப்புறம் பேசலாம்.

தார்ரோடு எழுதியது:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? இரண்டு கார்களில் வெளியில் வாங்கிய அலாய் போட்டு ஓட்டியிருக்கிறேன், இப்போது ஓட்டுவதில் நாலாவது வருடம். ஓட்டை சரி, டயர் உரசவில்லை என்றால் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

மழைத்தூறல் எழுதியது:

"ஓட்டை சரி" என்பதையே நான் இப்போது நம்புவதில்லை. காரணம் சொல்கிறேன்.

என் பழைய காருக்கு வேண்டியது 4×98, அதாவது நாலு ஓட்டை, 98 மி.மீ. பிசிடி. நான் போன கடையில் இருந்தது 4×100. அது எனக்கும் தெரியாது, மாட்டியவருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. விட்டத்தில் 2 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு ஓட்டையும் நடுவிலிருந்து 1 மி.மீ.தான் தள்ளி நிற்கும். அதை எந்தக் கண் பார்க்கும்? இம்பாக்ட் கன்னை வைத்து டர்ர்ரென்று நாலையும் ஏற்றிவிட்டார். பார்க்க அம்சமாக இருந்தது.

முந்நூறு கிலோமீட்டர் போயிருக்கும். முதலில் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். அப்புறம் மெதுவாகப் போகும்போது முன் பக்கம் டொக் டொக் என்று ஒரு சத்தம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் இரண்டு போல்ட்டுகள் விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. கழற்றியபோது பார்த்தேன், போல்ட்டின் கூம்பு ஓட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தி அங்கே அலாயைப் பிறை மாதிரி செதுக்கியிருந்தது. மறுபக்கம் பெயிண்ட் அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரே பழக்கம். வீல் தரையைத் தொடாமல் ஜாக்கியில் இருக்கும்போதே எல்லா நட்டையும் கையால் கடைசி வரை ஏற்றுவேன். இரண்டு ஏறி, மூன்றாவதுக்கு வீலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் அது என் வீல் இல்லை.

வெர்னியர் எழுதியது:

மேலே சொன்னதுக்கு ஒரு ஒட்டு. பிசிடி என்பது ஸ்டட்டுகளின் (ஹப்பில் நீட்டி நிற்கும் மரைக்கம்பிகள்) மையங்கள் வழியாக வரையும் வட்டத்தின் விட்டம். நாலு ஓட்டை வீலில் அளப்பது சுலபம். ஓர் ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து எதிர் ஓட்டையின் இடது ஓரம் வரை அளந்தால் மையத்துக்கு மையம் வந்துவிடும், பிசிடி அதேதான். ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை இல்லை. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. 5×112 வீலில் பக்கத்து ஓட்டைத் தூரம் 65.8 மி.மீ., 5×114.3 வீலில் 67.2. ஒன்றரை மி.மீ. கூட இல்லை. முதலாவது ஃபோக்ஸ்வேகன், ஆடி, மெர்சிடிஸ் பக்கம் அதிகம். இரண்டாவது ஜப்பான், கொரியக் கார்களில் அதிகம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 114.3 என்ற அந்த முறுக்கிய எண் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கு: அது வெறும் நாலரை இஞ்ச்.

அரைகிளட்ச் எழுதியது:

டூத்பிரஷ் வேலை செய்தது. இதோ:

புது செட்: 16×7ஜே, ஈடி35, 4×100. நடு ஓட்டை 73.1 மி.மீ. எடை வரம்பு 560 கிலோ என்று போட்டிருக்கிறது.

என் பழையது: 15×6ஜே, ஈடி45, 4×100. நடு ஓட்டை 54.1 மி.மீ.

பிசிடி தப்பித்தது. ஆனால் நடு ஓட்டையில் 19 மி.மீ. வித்தியாசம்! ஸ்டெப்னியை மேலே வைத்தபோது நட்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம் கண்ணில் படவில்லை. அப்புறம் இந்த ஈடி என்பது என்ன? 35, 45 எல்லாம் எதன் அளவு?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, உங்கள் விடை ஈடியில்தான் இருக்கிறது, நடு ஓட்டையில் இல்லை. அதனால் ஈடியை முதலில் பார்த்துவிடுவோம்.

வீலை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளப்பதுபோல அகலத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஈடி என்பது அதற்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம். முகம் வெளிப்பக்கம், அதாவது நாம் பார்க்கும் பக்கம் தள்ளியிருந்தால் நேர் எண். இன்றைய சாதாரணக் கார்களில் பெரும்பாலும் அப்படித்தான். எண் கூடக் கூட வீல் காருக்குள் போகும், குறையக் குறைய வெளியே வரும்.

இப்போது உங்கள் கணக்கு. 6ஜேயிலிருந்து 7ஜே என்றால் ஓர் இஞ்ச் அகலம் கூடுகிறது, 25.4 மி.மீ. இது நடுக்கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும், பக்கத்துக்கு 12.7. ஈடி 45-இலிருந்து 35-க்கு இறங்குவதால் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது.

வெளிப்பக்கம்: 12.7 + 10 = 22.7 மி.மீ. வெளியே.
உள்பக்கம்: 12.7 − 10 = 2.7 மி.மீ. உள்ளே.

உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் பக்கம் கவலை இல்லை. வெளியேதான் கேள்வி. கிட்டத்தட்ட 23 மி.மீ. வெளியே வர உங்கள் ஃபெண்டருக்குள் இடம் இருக்கிறதா?

தார்ரோடு எழுதியது:

23 மி.மீ. ஒரு கட்டைவிரல் அகலம். அதற்குப் போய்.

நட்டுபோல்ட்டு எழுதியது:

அந்தக் கட்டைவிரல் அகலத்தில்தான் டயரின் தோள் அறுபடும். அளந்துவிட்டால் வாதமே வேண்டாம்.

தம்பி, காரைச் சமதரையில் நிறுத்துங்கள், ஸ்டியரிங் நேராக. ஒரு நூலில் ஒரு நட்டைக் கட்டி, வீலின் மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நட்டு ஆடி நின்றதும் நூலுக்கும் டயரின் மிகப் புடைத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நாலு வீலிலும் செய்யுங்கள், இடது வலது ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. ஃபெண்டர் விளிம்பின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு உள்ளே மடங்கி ஓர் உதடு இருக்கும். டயரைக் கிழிப்பது அதுதான், வெளியே தெரிகிற வளைவு இல்லை.

அரைகிளட்ச் எழுதியது:

அளந்தேன். முன்னால் இரண்டு பக்கமும் 24 மி.மீ. பின்னால் இடது 18, வலது 17. உதடும் இருக்கிறது, பின்னால் நன்றாகவே மடங்கியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பின் வலதில் இருப்பது 17, வரப்போவது 22.7. டயர் ஃபெண்டரைத் தாண்டி சுமார் 6 மி.மீ. வெளியே நிற்கும். வெறும் காரில் ஒன்றும் தெரியாது. ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது உதடு நேராக டயரின் தோள் மேல் இறங்கும்.

மழைத்தூறல் எழுதியது:

ஈடி பத்து குறைகிறதுதானே, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டுச் சரி செய்ய முடியாதா?

வெர்னியர் எழுதியது:

ஸ்பேசர் வீலை வெளியேதான் தள்ளும், உள்ளே இழுக்காது. ஈடி அதிகமாக இருக்கும் வீலை வேண்டுமானால் ஸ்பேசரால் காப்பாற்றலாம், அதற்கும் ஸ்டட்டின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஈடி குறைந்த வீலுக்கு மருந்து இல்லை. வீலின் முகத்தைக் கடைந்து குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஈடியை ரொம்ப மாற்றினால் உரசல் மட்டும் பிரச்சினை இல்லை. திருப்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரிலோ பள்ளத்திலோ இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும், பேரிங்குக்கும் கூடுதல் வேலை. பத்து மி.மீ. மாற்றத்தில் வானம் இடிந்துவிடாது என்றாலும் நான் என் காரில் தொழிற்சாலை எண்ணிலிருந்து ஐந்துக்கு மேல் நகர்வதில்லை.

அரைகிளட்ச் எழுதியது:

சரி, அந்த செட் வேண்டாம். மனசு கேட்கவில்லைதான், ஸ்போக்கின் அழகு அப்படி. அப்படியானால் 16 இஞ்சில் எனக்கு எது பொருந்தும்? டயர் என்ன போடுவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டயரிலிருந்து தொடங்குவோம். வீல் பெரிதானாலும் டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். உங்களுடையது: டயரின் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் சுவரின் உயரம், 120.25. மேலும் கீழும் இரண்டு சுவர், 240.5. வீல் 15 இஞ்ச், 381 மி.மீ. மொத்தம் 621.5.

195/55 ஆர்16: 107.25 இரண்டு முறை 214.5, அதோடு 406.4. மொத்தம் 620.9. அரை மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம், இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. இதே 16-இல் 195/60 போட்டால் 640.4, மூன்று சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது முன்பு போனதைவிட மூன்று கிலோமீட்டர் வேகமாகப் போவீர்கள், ஃபெண்டருக்குள் இடமும் குறையும்.

195/55-க்கு 6 அல்லது 6.5ஜே போதும். 6.5ஜே, ஈடி42 என்று வைத்தால்: பக்கத்துக்கு 6.35, ஈடி வித்தியாசம் 3. வெளியே 9.35, உள்ளே 3.35. பின்னால் உங்களிடம் இருப்பது 17, மிச்சம் ஏழரை. எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. ஈடி45 கிடைத்தால் இன்னும் நிம்மதி.

நட்டுபோல்ட்டு எழுதியது:

17 இஞ்ச் ஆசை வந்தால் இப்போதே அடக்கிக்கொள்ளுங்கள். 205/45 ஆர்17-இல் டயர் சுவர் 92 மி.மீ. உங்கள் பழையது 120. அந்த 28 மி.மீ. ரப்பர்தான் பள்ளத்தை வாங்கிக்கொண்டிருந்தது. இரும்பு வீலே நெளிந்த சாலையில் ஓட்டுகிறீர்கள்.

டயர் வாங்கும்போது சுவரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள். 185/65 ஆர்15-இல் பெரும்பாலும் 88, அது 560 கிலோ. 195/55 ஆர்16-இல் சாதாரணமாக 87 வரும், 545 கிலோ. பெரிய வீலுக்குப் போய்ச் சுமை குறைந்த டயரை வாங்கிவிடுவார்கள், யாரும் கவனிப்பதில்லை. அதே அளவில் 91 போட்ட எக்ஸ்எல் (கூடுதல் சுமை) டயர் இருக்கிறது, 615 கிலோ. அதைக் கேளுங்கள். வீலுக்கும் அதே கணக்கு. கையேட்டிலோ வண்டியின் தகட்டிலோ பின் அச்சின் அதிகபட்ச எடை இருக்கும், அதில் பாதியை வீல் தாராளமாகத் தாங்க வேண்டும். வீலில் எடை வரம்பே வார்க்கப்படவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். ஜப்பானியத் தர முத்திரையான ஜேடபிள்யூஎல், அதோடு தனிச் சோதனைக்கான விஐஏ இரண்டும் இருந்தால் கொஞ்சம் தெம்பு.

தார்ரோடு எழுதியது:

இவ்வளவும் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீலின் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று அடுத்து ஆரம்பிப்பீர்கள் பாருங்கள். என் காரில் நாலு வருடமாக ரிங் இல்லை. ஒரு நடுக்கமும் இல்லை.

வெர்னியர் எழுதியது:

உங்கள் காரில் நடுக்கம் இல்லாதது அதிசயம் இல்லை தார்ரோடு. கூம்பு நட்டு தானே வீலை மையத்துக்கு இழுத்து வரும். வீலைத் தொங்கவிட்டபடி, எதிரெதிர் நட்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ரிங் இல்லாமலே நேராக உட்கார வாய்ப்பு உண்டு. "ரிங் இல்லாவிட்டால் வண்டியின் எடை ஸ்டட்டில் விழுந்து உடைந்துவிடும்" என்று சிலர் பயமுறுத்துவதும் சரியில்லை. எடையைத் தாங்குவது நட்டின் இறுக்கத்தால் வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே பிறக்கும் உராய்வு. ரிங்கின் வேலை மாட்டும்போது வீலை மையத்தில் நிறுத்துவது.

ஆனால் எத்தனை பேர் தொங்கவிட்டு இறுக்குகிறார்கள்? பாதி இறுக்கியதும் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கன்னை வைப்பார்கள். அந்த நேரத்தில் வீல் அரை மி.மீ. தொய்ந்திருந்தால் அப்படியே இறுகிவிடும். 80, 90-இல் ஸ்டியரிங் ஆடும். பேலன்ஸிங் மெஷினில் ஏற்றினால் அது நடு ஓட்டையைப் பிடித்துச் சுற்றுவதால் "வீல் சரியாக இருக்கிறது" என்று சொல்லும். நீங்கள் நாலு முறை பேலன்ஸ் செய்துகொண்டிருப்பீர்கள்.

ரிங் சின்ன விஷயம், போட்டுவிட்டுப் போகலாம். பிளாஸ்டிக் ரிங் மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூட்டில் இளகலாம். அலுமினியம் இளகாது, ஆனால் துருவில் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். நான் அலுமினியம் வாங்கி, உள்வட்டத்தில் மட்டும் விரல் நுனியால் லேசாக ஆன்ட்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுகிறேன். நட்டு மரையில் எதையும் தடவாதீர்கள், இறுக்கக் கணக்கே மாறிவிடும்.

தார்ரோடு எழுதியது:

நான் தொங்கவிட்டுத்தான் இறுக்குகிறேன். அதுதான் தப்பித்தேன் போல.

அரைகிளட்ச் எழுதியது:

வேறொரு செட் கிடைத்திருக்கிறது. 16×6.5ஜே, ஈடி42, 4×100, நடு ஓட்டை 60.1. எடை வரம்பு 590 கிலோ, ஜேடபிள்யூஎல், விஐஏ இரண்டும் உண்டு. அண்ணே, இதற்கு நட்டுகளும் அவரே தருகிறார். பழைய நட்டையே போடலாமா, அவர் தருவதையா?

நட்டுபோல்ட்டு எழுதியது:

இரண்டையும் சோதிக்க வேண்டும். முதலில் மரை. எம்12×1.5 என்று ஒரு ஜாதி, எம்12×1.25 என்று ஒரு ஜாதி. தடிமன் ஒன்றுதான், மரையின் இடைவெளி வேறு. தப்பான நட்டு முதல் ஒன்றிரண்டு சுற்று நல்ல பிள்ளை மாதிரி ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரை வைத்து அழுத்தினால் ஸ்டட் காலி. சரியான நட்டு கையாலேயே கடைசி வரை போக வேண்டும், 1.5 மரையில் எட்டு சுற்றாவது ஏற வேண்டும்.

அடுத்தது உட்காரும் இடம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன் போன்றவற்றின் ஒரிஜினல் நட்டோ போல்ட்டோ உருண்டை. உருண்டையைக் கூம்பில் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். கையில் வைத்துப் பார்த்தால் குழப்பமாக இருந்தால், கூம்பின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஏற்றி இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை பட்டையாக அழிந்திருந்தால் சரி. நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வீலையாவது முன்னால் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஈடி, அகலம் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்போக்கின் வளைவு பிரேக் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) முட்டுவது உண்டு. அதை எந்த எண்ணும் சொல்லாது.

மழைத்தூறல் எழுதியது:

காலிப்பருக்கு என் வழி: குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, காலிப்பரின் மிகப் புடைத்த மூலையில் ஒட்டி, வீலை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் இடம் விட வேண்டும்.

அரைகிளட்ச் எழுதியது:

செய்தேன். களிமண் 6 மி.மீ. நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தேன், உள்ளே எதிலும் படவில்லை. அவர் தந்த நட்டு இரண்டு சுற்றில் நின்றுவிட்டது, 1.25 மரை. என் காருக்கு 1.5. என் பழைய நட்டின் மரை சரி, கூம்பும் சரி, ஆனால் அலாயின் நட்டுக்குழி ஒடுங்கலாக இருப்பதால் ஸ்பேனரின் குழல் உள்ளே போகவில்லை. ஒல்லியான புது நட்டுகள் வாங்கினேன். 60.1-க்கு 54.1 அலுமினிய ரிங் நாலு. டயர் 195/55 ஆர்16 91.

வாங்கி மாட்டியாயிற்று. பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். உரசல் இல்லை.

ஆனால் 90-இல் ஸ்டியரிங் நடுங்குகிறது. ரிங் எல்லாம் போட்டும் ஏன்?

வெர்னியர் எழுதியது:

மாட்டியது யார்? நாலு ரிங்கும் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா?

அரைகிளட்ச் எழுதியது:

டயர் போட்ட இடத்திலேயே மாட்டித் தந்தார்கள். ரிங் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். நான் பார்க்கவில்லை.

கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அரைகிளட்ச் எழுதியது:

முன் இடதில் ரிங்கே இல்லை! பிரித்த பாக்கெட்டோடு சீட்டுக்கு அடியில் கிடந்தது. முன் வலதில் ரிங் இருக்கிறது, ஆனால் ஹப் முகத்தில் துரு செதில் செதிலாக நின்றதால் வீல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. கம்பிப் பிரஷ்ஷால் ஹப்பைச் சுத்தமாகத் தேய்த்து, ரிங் போட்டு, வீலைத் தொங்கவிட்டபடி எதிரெதிராகக் கையால் ஏற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. தார்ரோடு அண்ணனின் தொங்கவிடும் முறைக்கு நன்றி.

நட்டுபோல்ட்டு எழுதியது:

நல்லது. நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புது அலாயில் பெயிண்ட் அமுங்கி நட்டு கொஞ்சம் தளரும். ஸ்டெப்னி பழைய இரும்பு வீல்தானே? அதன் நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

அரைகிளட்ச் எழுதியது:

தளர்ந்துதான் இருந்தது, இரண்டு நட்டு கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கின.

ஸ்டெப்னியை நீங்கள் கேட்டதால் இன்று வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்தேன். முன் வலது அலாயைக் கழற்றி இரும்பு வீலை வைத்தால் உட்காரவே மாட்டேன் என்கிறது. ஒரு விரல் அளவு இடைவெளியில் ஆடிக்கொண்டு நிற்கிறது. ஸ்டெப்னி நெளிந்துவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது: அலாயோடு வர வேண்டிய ரிங் ஹப்பிலேயே நின்றுவிட்டது. இரும்பு வீலின் நடு ஓட்டை 54.1, அது ரிங்கின் மேல் எப்படி ஏறும்? தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் டப்பென்று வந்தது, ஸ்டெப்னியும் உட்கார்ந்தது.

நாலு பழைய நட்டையும் அந்த ஸ்க்ரூடிரைவரையும் ஒரு துணியில் சுற்றி ஜாக்கியோடு டிக்கியில் வைத்திருக்கிறேன்.